காடி எண்ணெய் அதிகம் குடிக்கிறதா? சாமான் மாற்றும் முன் அளந்து பாருங்கள்



நம்மில் பலருடைய வீட்டில் ஒரு பழைய காடி இருக்கும். அப்பா வேலைக்குப் போவதும் அதில்தான், அம்மா மார்க்கெட் போவதும் அதில்தான், நாம் லைசென்ஸ் எடுத்துப் பழகுவதும் அதில்தான். ஒரு நாள் அப்பா சொல்வார், "காடி இப்ப எண்ணெய ரொம்ப குடிக்குது." உடனே ஆளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். ஸ்பார்க் பிளக்கை மாத்து என்பார் ஒருவர். சென்சர் போயிருக்கும் என்பார் இன்னொருவர். பட்டறைக்குப் போனால் பில் நீளும், ஆனால் எண்ணெய்ச் செலவு குறையாது.

இந்தப் பாடத்தில் நாம் கற்கப் போவது ஒன்றுதான். காடி ஏன் அதிகம் குடிக்கிறது என்பதை ஊகிக்காமல், வரிசைப்படி எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் படிக்கிறேன். ஆனால் இதில் உள்ள முக்கால்வாசி வேலைக்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டயர் கேஜ், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

உதாரணத்துக்கு என் மாமாவின் காடியையே எடுத்துக்கொள்வோம். 1.3 லிட்டர், ஆட்டோ கியர், வயது 12. மாமா வீடு வீடாகப் போய் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறவர். ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், மாதம் 24 நாள், ஆக 3,600 கிலோமீட்டர் ஓட்டம். ஒரு பட்டறையில் "எஞ்சின் தேஞ்சு போச்சு, ஓவர்ஹால் பண்ணணும், 3,800 வெள்ளி ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். மாமா கடன் வாங்கவும் தயாராகிவிட்டார். அதற்கு முன்னால் ஒரு தடவை அளந்து பார்ப்போமே என்றுதான் ஆரம்பித்தோம்.

1. உண்மையிலேயே கூடியிருக்கிறதா?

"50 வெள்ளிக்கு ஊத்தினா முன்ன மாதிரி ஓடமாட்டேங்குது" என்பது அளவு இல்லை, அது ஒரு மனக்குறை. மீட்டரில் உள்ள முள்ளும் சரியான அளவு காட்டாது. சரியான வழி இதுதான்:

• டேங்கை நிரப்புங்கள். பம்ப் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் அமுக்கி ஊத்த வேண்டாம்.
• டிரிப் மீட்டரைப் பூச்சியமாக்குங்கள்.
• வழக்கம்போல ஓட்டுங்கள், குறைந்தது 300 கிலோமீட்டர்.
• அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், மறுபடியும் 'டக்' வரை நிரப்புங்கள்.
• ஊத்திய லிட்டரை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். வருவது 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு.

ஒரு டேங்க் போதாது. மழை, நெரிசல், பெருநாள் பயணம் என்று ஒவ்வொரு வாரமும் மாறும். இரண்டு டேங்காவது எடுங்கள். மாமாவின் காடியில் முதல் டேங்க் 310 கிலோமீட்டருக்கு 29.5 லிட்டர். இரண்டாவது 342 கிலோமீட்டருக்கு 32.1 லிட்டர். இரண்டையும் சேர்த்தால் 100 கிலோமீட்டருக்கு 9.4 லிட்டர். மாமாவுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு, கணக்குப் புத்தகத்தில் எண்ணெய்ச் செலவை எழுதி வைப்பார். இரண்டு வருடத்துக்கு முன் அதே வேலைக்கு 7 லிட்டர்தான் ஆகியிருக்கிறது.

இப்போது வித்தியாசம் என்ன என்று பாருங்கள். 3,600 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் கணக்கில் 252 லிட்டர். 9.4 கணக்கில் 338 லிட்டர். மாதம் 86 லிட்டர் கூடுதல். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்துக்கொண்டால்கூட ஏறக்குறைய 170 வெள்ளி, வருடத்துக்கு 2,000 வெள்ளிக்கு மேல். 2025 செப்டம்பரில் பூடி95 திட்டம் தொடங்கியபோது மானிய விலை 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரைதான் என்று இருந்தது. 252 லிட்டர் அந்த வரம்புக்குள் அடங்கும், 338 அடங்காது. மிச்சத்துக்கு மானியமில்லாத விலை கொடுக்கணும். இது ஒரு குடும்பத்தின் மளிகைக் காசு. அதனால்தான் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. டயரையோ ரிம்மையோ பெரிய அளவுக்கு மாற்றியிருந்தால் மீட்டர் உண்மையான தூரத்தைவிடக் குறைவாகக் காட்டும். காடி அதிகம் குடிக்காமலே அதிகம் குடிப்பதுபோலக் கணக்கு வரும். முதலில் டயர் அளவைச் சரிபாருங்கள்.

2. எண்ணெய் எங்கே போகிறது?

டேங்கில் ஊத்திய எண்ணெய்க்கு மூன்றே வழிதான் உண்டு.

முதல் வழி, ஒழுகுவது. காடிக்குப் பக்கத்தில், முக்கியமாகக் காலையில் எஞ்சினைத் தொடுமுன், பெட்ரோல் வாடை வருகிறதா? தரையில் ஈரம் இருக்கிறதா? இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டார்ட் செய்யாதீர்கள், பட்டறை ஆளை வரச் சொல்லுங்கள். இது செலவுப் பிரச்சினை இல்லை, தீப்பிடிக்கும் பிரச்சினை.

இரண்டாவது வழி, எஞ்சின் தேவைக்கு மேல் எரிப்பது. கலவை தவறு, தீப்பொறி பலவீனம், எஞ்சின் குளிர்ச்சியாகவே இருப்பது எல்லாம் இதில் சேரும்.

மூன்றாவது வழி, எஞ்சின் சரியாகத்தான் எரிக்கிறது, ஆனால் காடி அதனிடம் அதிக உழைப்பு கேட்கிறது. காற்று குறைந்த டயர், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், பூட்டில் சுமை, அதிக வேகம் இவை எல்லாம்.

பெரும்பாலானவர்கள் இரண்டாவது வழியிலேயே தேடிக்கொண்டு சென்சர், பிளக் என்று சாமான் மாற்றுவார்கள். மூன்றாவது வழியைப் பார்க்கச் செலவே இல்லை. ஆகவே அங்கிருந்துதான் தொடங்கணும்.

3. காசில்லாத சோதனைகள்

டயர் காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். டயர் சூடாகுமுன் பார்க்கணும். மாமாவின் காடிக்கு 33 வேண்டும், நான்கு டயரிலும் 24 சுற்றித்தான் இருந்தது. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த வேலை முழுவதும் சூடாகி வீணாகிறது. டயரும் ஓரத்தில் தேயும், நெடுஞ்சாலையில் வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

உருளும் சோதனை. காலியான, மிக லேசான சரிவுள்ள கார் பார்க்கில் நியூட்ரலில் பிரேக்கை மெல்ல விடுங்கள். நல்ல காடி தானாக நகரும். அசையாமல் நின்றால் எதுவோ பிடிக்கிறது.

சக்கரச் சூடு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட நன்றாகச் சுட்டால் அந்தப் பிரேக் விடவில்லை. எங்களிடம் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தது. முன் வலது 62 டிகிரி காட்டியது, முன் இடது 118 டிகிரி. மாமா பார்த்துவிட்டு, "காடி இடது பக்கமா இழுக்குதுன்னு நெனச்சேன், ரோடு அப்படின்னு விட்டுட்டேன்" என்றார்.

பூட். கழற்றக்கூடிய சுமையைக் கழற்றுங்கள். மாமாவின் பூட்டில் ஆறு மாதமாகத் தூக்கிப்போட மறந்த பழைய கம்ப்ரசர் ஒன்று கிடந்தது. சிக்னல் லைட்டில் நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில்தான் சுமை அதிகம் தின்னும்.

4. எஞ்சினைப் பார்க்கும் வரிசை

இப்போது இரண்டாவது வழிக்கு வருவோம். இங்கே மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: எஞ்சின் சரியான சூட்டுக்கு வருகிறதா? பெட்ரோல் எஞ்சின் 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் சுற்றி ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. அந்தச் சூட்டைக் காப்பது தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு. எஞ்சின் சூடாகும்வரை அது மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது.

நம் நாட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. காடி ஒரு தடவை ஓவர்ஹீட் ஆனால், சில போர்மேன்கள் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். "நம்ம ஊரு சூடான ஊரு, இது குளிர் நாட்டுக்குத்தான்" என்று காரணம் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள். வெளியே 32 டிகிரி, எஞ்சினுக்கு வேண்டியது 90 டிகிரி. இன்னும் 58 டிகிரி இடைவெளி இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் அந்தச் சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், நெடுஞ்சாலைக் காற்றில் மறுபடியும் குளிர்ந்துவிடும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து ஈசியூ என்ற கணினி அதிக எண்ணெய் விடும். எஞ்சின் ஆயில் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டும். பல ஆட்டோ காடிகளில் டார்க் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்வதும் தள்ளிப்போகும். இதெல்லாம் எண்ணெய்தான்.

பார்ப்பது எப்படி? ஓபிடி புளூடூத் அடாப்டர் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும், கைப்பேசியில் வெப்பநிலையைக் காட்டும். சில பழைய உள்ளூர் காடிகளில் இது வேலை செய்யாது, அப்போது பட்டறை ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். மாமாவின் காடி நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடியும் 66 முதல் 70 டிகிரியைத் தாண்டவில்லை. ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. நாலு வருடத்துக்கு முன் ஓவர்ஹீட் ஆனபோது யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். சாமான் இருந்தும் திறந்தபடியே சிக்கியிருந்தாலும் இதே விளைவுதான், பல காடிகளில் பி0128 என்ற கோடு வரும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது கேள்வி: கலவை சரியா? ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எக்சாஸ்ட் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சர் மிச்ச ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்ல, ஈசியூ எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும். அப்படி எவ்வளவு கூட்டியது, குறைத்தது என்பதை ஃபியூல் டிரிம் என்ற எண்ணாக ஸ்கேனரில் பார்க்கலாம். கூட்டல் 10 சதவீதத்துக்கும் கழித்தல் 10 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. கழித்தல் பக்கம் அதிகம் போனால் எங்கோ எண்ணெய் கூடுதலாக வருகிறது: இன்ஜெக்டர் ஒழுகலாம், அழுத்தம் அதிகமாக இருக்கலாம். கூட்டல் பக்கம் அதிகம் போனால் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா, ஆக்சிஜன் சென்சருக்கு முன்னால் எக்சாஸ்டில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று புகுந்தால் சென்சர் ஏமாந்துவிடும், ஈசியூ தேவையில்லாமல் எண்ணெய் கூட்டும். அப்படிப்பட்ட காடியில் புது சென்சர் மாட்டினாலும் அதுவும் ஏமாறத்தான் செய்யும்.

மூன்றாவது கேள்வி: எல்லாச் சிலிண்டரும் எரிகிறதா? நின்றபடி ஓடும்போது குலுக்கல், ஏற்றத்தில் திக்கல் இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், எஞ்சின் ஆறிய பிறகு. முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. வறண்ட கரி படிந்திருந்தால் எண்ணெய் அதிகம். ஈரமாக ஆயில் படிந்திருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதன் பெட்ரோல் அப்படியே வெளியே போகும், கூடவே எரியாத ஆக்சிஜனும் போகும். ஆக்சிஜனைப் பார்த்த சென்சர் "எண்ணெய் போதவில்லை" என்று சொல்ல, ஈசியூ இன்னும் ஊற்றும். இரட்டை நஷ்டம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சூடேறிக் கெடும்.

சரி, ஓவர்ஹால் தேவையா என்பதை எப்படி முடிவு செய்வது? கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று கேஜ் வைத்து அளப்பார்கள். வேறொரு பட்டறையில் அளந்தோம், நான்கு சிலிண்டரும் 175-க்கும் 182 பிஎஸ்ஐ-க்கும் இடையில் இருந்தன. நீலப் புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. டிரிம் எண்ணும் ஒழுங்காக இருந்தது. அந்த எஞ்சினைப் பிரிக்க ஒரு காரணமும் இல்லை. கேஜ் வைத்துப் பார்க்காமல் ஓவர்ஹால் என்று யார் சொன்னாலும், "அளந்த எண்ணைக் காட்டுங்க அண்ணே" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல போர்மேன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

5. ஒரு நேரத்தில் ஒன்றுதான்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. நாங்கள் ஒன்றைச் சரிசெய்து, ஒரு டேங்க் ஓட்டி, அளந்து, பிறகுதான் அடுத்ததற்குப் போனோம்.

• டயர் காற்று 33-க்கு ஏற்றி, பழைய கம்ப்ரசரை இறக்கியதும்: 328 கிலோமீட்டருக்கு 30.2 லிட்டர். அதாவது 9.2.
• தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட் மாற்றியதும் வெப்பநிலை 88 டிகிரியில் நின்றது: 351 கிலோமீட்டருக்கு 29.6 லிட்டர். அதாவது 8.4.
• முன் இடது பிரேக் கேலிப்பரின் பின்கள் துருவேறி இறுகியிருந்தன. பட்டறையில் கழற்றிச் சுத்தம் செய்து, புது ரப்பரும் கிரீஸும் போட்டதும்: 364 கிலோமீட்டருக்கு 27 லிட்டர். அதாவது 7.4.

ஒரு டேங்க் கணக்கில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். அதனால் 9.4-லிருந்து 9.2-க்கு இறங்கியதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஆனால் 9.4-லிருந்து 7.4-க்கு இறங்கியது சந்தேகத்துக்கு இடமில்லாத மாற்றம்.

மொத்தச் செலவு 260 வெள்ளி. மாதம் 72 லிட்டர் மிச்சம், அதாவது சுமார் 144 வெள்ளி. போட்ட காசு இரண்டு மாதத்துக்குள் திரும்பிவிடும். அந்த 300 லிட்டர் வரம்புக்குள்ளும் வந்தாயிற்று. ஆனால் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது பிரேக்தான். அந்தப் பிரேக்கோடு யாராவது கேமரன் மலை இறக்கத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரேக் ஃபுளூயிட் கொதித்தால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். எண்ணெய்ச் செலவு கூடுவது சில நேரம் காடி நமக்குத் தரும் முன்னறிவிப்பு.

6. பணத்தை இதில் போடாதீர்கள்

ரோன்97 ஊத்தினால் அதிகம் ஓடுமா? ரோன் என்பது எண்ணெயில் உள்ள சக்தியின் அளவு இல்லை. அழுத்தும்போது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்தான் அது. ரோன்95-க்கு வடிவமைத்த எஞ்சினுக்குக் கூடுதல் விலை கொடுத்து லாபமில்லை.

எண்ணெய்க் குழாயில் மாட்டும் காந்தம்? அது எண்ணெயை ஒன்றும் செய்யாது.

ஏர் ஃபில்டர்? 1985-ல் வந்த முதல் புரோட்டோன் சாகா போன்ற கார்புரேட்டர் காடிகளில் அடைத்த ஃபில்டர் எண்ணெயைக் கூட்டும். இன்றைய இன்ஜெக்‌ஷன் காடியில் உள்ளே வரும் காற்றை அளந்தே எண்ணெய் விடுவதால், அடைத்த ஃபில்டர் முக்கியமாக இழுவைத் திறனைத்தான் குறைக்கும். மாற்றணும், ஆனால் எண்ணெய்ச் செலவு பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

7. நம் காலும் ஒரு சாமான்தான்

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 90-ல் போகிறவர் 110-ல் போனால் 110-ஐ 90-ஆல் வகுத்து வர்க்கம் போடுங்கள்: ஏறக்குறைய 1.5. காற்றை எதிர்க்கும் விசை மட்டும் ஒன்றரை மடங்கு ஆகிறது. வேகத்தால் மிச்சமாகும் நேரமோ, 60 கிலோமீட்டர் பயணத்தில் ஏழு நிமிடம்தான்.

தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைக்காக ஏர்கோனோடு அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். சின்ன காடியே மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எரிக்கும். தினம் அரை மணி, மாதம் 22 பள்ளி நாள் என்றால் 11 லிட்டர், ஓடிய தூரம் பூச்சியம். மரநிழலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாலே அது மிச்சம்.

இந்த மாதப் பயிற்சி

வீட்டுக் காடிக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, கிலோமீட்டர், லிட்டர் இந்த மூன்று மட்டும். இரண்டு டேங்க் எழுதியதும் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு, பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் காடியின் ஆரோக்கிய எண். நாளைக்கு அது கூடினால் வீட்டில் யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

ஜாக் போட்டுத் தூக்கினால் ஸ்டாண்டு வைக்காமல் காடிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. பிரேக்கைப் பிரித்துப் பழக்கமில்லாதவர்கள் சோதனையோடு நிறுத்திக்கொண்டு, பிரிக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். என்ன கோளாறு என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தாலே பட்டறையில் பாதி வேலை முடிந்தது.

கிளைக் கூட்டத்துக்கு அடுத்த தடவை வரும்போது ஒருவர் டயர் கேஜ் கொண்டுவாருங்கள். கூட்டம் முடிந்ததும் கார் பார்க்கில் நிற்கும் எல்லாக் காடிக்கும் காற்றைப் பாருங்கள், பெரியவர்களின் காடிக்கு முதலில். பத்து நிமிட வேலைதான். எத்தனை காடியில் காற்று குறைவாக இருந்தது என்று எண்ணி வையுங்கள், அடுத்த பாடத்தை அந்த எண்ணிலிருந்து தொடங்குவோம்.